புரோட்டீனா, வெண்கருவா? ஒரு சொல்லின் ஐரோப்பியப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் விற்கும் பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறத்தில் ஊட்டச்சத்து அட்டவணை இருக்கும். பல நாடுகளுக்கும் சேர்த்து அச்சிடுவதால் ஒரே வரியில் பத்து மொழிகள் நெருக்கியடித்து நிற்கும். கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றுக்கான சொற்கள் மொழிக்கு மொழி மாறுவதில் வியப்பில்லை. அவை பழைய சொற்கள். ஆனால் புரதம் என்ற கருத்துக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. அதற்குள் அந்த வரி இரண்டு கட்சிகளாகப் பிரிந்துகிடக்கிறது. ஒரு கட்சி 'புரோட்டீன்' என்கிறது, மற்றது 'வெள்ளை' என்கிறது. இதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

'புரோட்டீன்' என்ற சொல்லை உருவாக்கியவர் யார்?

ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் யோன்ஸ் யாக்கோப் பெர்சிலியஸ். அப்போது ராட்டர்டாமில் பணியாற்றிக்கொண்டிருந்த டச்சு வேதியியலாளர் கெரிட் யான் முல்டருக்கு 1838 ஜூலை 10 அன்று அவர் எழுதிய கடிதத்தில் இந்தப் பெயரை முன்மொழிந்தார். முல்டர் அதே ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். கடிதம் பிரெஞ்சில் எழுதப்பட்டது, சொல்லின் வேர் கிரேக்கம். பிறக்கும்போதே நான்கு மொழிகளின் கை பட்ட சொல் இது.

பெர்சிலியஸுக்குப் பெயர் சூட்டுவது கைவந்த கலை. ஐசோமர், பாலிமர், கேட்டலிசிஸ், அலோட்ரோப்பி ஆகிய வேதியியல் சொற்களும் அவர் தந்தவையே.

பல நூல்களில் முல்டர்தான் பெயரிட்டார் என்று இருக்கிறதே?

அச்சில் முதலில் பயன்படுத்தியவர் முல்டர் என்பதால் வந்த குழப்பம். பெயர் தனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைக் கட்டுரையில் அவர் தெளிவாக்கவில்லை. ஆகவே நூறாண்டுக்கும் மேலாகப் பெருமை முழுவதும் அவர் கணக்கிலேயே சேர்ந்துவந்தது. புரத ஆய்வாளர் ஹூபர்ட் பிராட்ஃபோர்ட் விக்கரி 1950இலும், பிரிட்டிஷ் வேதியியலாளர் ஹரால்ட் ஹார்ட்லி 1951இலும் எழுதிய கட்டுரைகள்தான் பெர்சிலியஸின் கடிதத்தைப் பொதுப் பார்வைக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட நூல்களிலிருந்து எடுத்து எழுதியவர்கள் பழைய தகவலையே இன்றும் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

சொல்லின் பொருள் என்ன? எதில் 'முதல்'?

கிரேக்கத்தில் 'புரோதோஸ்' என்றால் முதல். அதிலிருந்து வந்த 'புரோதேயோஸ்' என்பதற்கு முதலிடத்தில் இருப்பது, முதன்மையானது என்று பொருள். இதோடு அக்கால வேதியியலில் வழக்கமாக இருந்த 'இன்' என்ற விகுதியைச் சேர்த்தார் பெர்சிலியஸ். ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உருவாகும் இழைப்பொருள்), கேசின் (பாலில் உள்ள புரதம்) ஆகியவற்றில் இருப்பதும் அதே விகுதிதான். புரோட்டானும் புரோட்டோசோவாவும் இந்தச் சொல்லின் பங்காளிகள். கிரேக்க நாட்டில் இன்று தலைநகரத்தைக் குறிக்கும் 'புரோதெவூசா' என்ற சொல்லும் அப்படியே.

எதில் முதல் என்பதற்கான விளக்கம் கடிதத்திலேயே இருக்கிறது. விலங்குகளின் உணவில் இதுவே ஆதிப் பொருள் அல்லது முதன்மைப் பொருள் என்று தோன்றுகிறது. தாவரங்கள் இதைத் தயாரித்துத் தாவர உண்ணிகளுக்குத் தருகின்றன. அவை ஊன் உண்ணிகளுக்குக் கைமாற்றிக் கொடுக்கின்றன என்பது அவர் வாதம். அதாவது விலங்கு எதுவும் புரதத்தை உருவாக்குவதில்லை, புல்லில் இருந்த பொருள் மாட்டுக்குப் போய், மாட்டிலிருந்து புலிக்கு அப்படியே போகிறது என்று நம்பினார்கள். இன்றைய மாணவருக்கு இது சிரிப்பைத் தரலாம். புரதம் தன் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களாகப் பிரிந்து மீண்டும் கோக்கப்படும் கதை யாருக்கும் தெரியாத காலத்தில் இது நியாயமான ஊகமே.

வடிவம் மாற்றும் கிரேக்கக் கடல் தெய்வமான புரோட்டியஸின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்களே?

அழகான கதை, ஆனால் உண்மையல்ல. புரதங்கள் ஆயிரம் வடிவங்கள் எடுக்கின்றன என்பது நமக்குத் தெரியும். 1838இல் பெர்சிலியஸும் முல்டரும் நம்பியது இதற்கு நேர் எதிரானது: எல்லாவற்றுக்கும் அடியில் மாறாத ஒரே பொருள் இருக்கிறது என்று. பெயர் வைத்தவரே காரணத்தை எழுதிவைத்திருக்கும்போது தெய்வத்தைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. புரோட்டியஸின் பெயரும் 'புரோதோஸ்' என்பதோடு தொடர்புடையது என்று பலர் கருதுவதால், இரண்டு சொற்களும் தூரத்து உறவினர்களாக இருக்கலாம். தாய்-மகள் உறவு இல்லை.

அந்த 'ஒரே பொருள்' கோட்பாடு என்ன ஆயிற்று?

சரிந்தது. ஆனால் சரிந்த விதம் சுவையானது.

முல்டர் பட்டு, இரத்தத்தின் ஃபைப்ரின், முட்டை ஆல்புமின், இரத்த ஆல்புமின் (வெண்கருவிலும் இரத்தத்திலும் உள்ள புரதங்கள்) முதலியவற்றை எடுத்து அவற்றில் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்தார். விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. ஆகவே 40 கார்பன், 62 ஹைட்ரஜன், 10 நைட்ரஜன், 12 ஆக்சிஜன் கொண்ட ஓர் அடிப்படை அலகு எல்லாவற்றிலும் இருப்பதாக முடிவுகட்டினார். அந்த அலகுக்குத்தான் 'புரோட்டீன்' என்று பெயர். அத்தகைய பத்து அலகுகளோடு ஒரு கந்தக அணுவும் ஒரு பாஸ்பரஸ் அணுவும் சேர்ந்தால் ஃபைப்ரின். கந்தகம் இரண்டானால் இரத்த ஆல்புமின். இன்று நாம் புரதம் என்று அழைக்கும் எதுவும் அவர் கணக்கில் புரோட்டீன் அல்ல, புரோட்டீனைக் கொண்ட கூட்டுப்பொருள்.

ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் முதலில் இதைக் கொண்டாடினார், தம் எழுத்துகளிலும் பரப்பினார். பிறகு அவருடைய ஆய்வகத்தில், கந்தகம் இல்லாத அந்தத் தூய 'புரோட்டீனை'ப் பிரித்தெடுக்க முயன்றபோது முடியவில்லை. எவ்வளவு முயன்றாலும் கந்தகம் ஒட்டிக்கொண்டே வந்தது. லீபிக் கோட்பாட்டைக் கைவிட்டதோடு நிற்காமல் முல்டரைத் தாக்கவும் தொடங்கினார். 1846இல் முல்டர் ஒரு சிறுநூலே எழுதி, லீபிக்கின் அறிவியலோடு அவருடைய ஒழுக்கத்தையும் சேர்த்து விசாரணைக்கு இழுத்தார். அக்கால வேதியியலாளர்கள் மென்மையானவர்கள் அல்ல.

அடிப்படை அலகு என்ற கருத்து செத்தது. பெயர் மட்டும் வீடு மாறிப் புரதங்கள் என்ற முழுக் குடும்பத்துக்கும் பொதுப்பெயராகக் குடியேறியது. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், மனித இரத்த ஆல்புமினில் 585. இரண்டையும் ஒரே வாய்பாட்டில் அடைக்க நினைத்த கோட்பாட்டின் பெயரால்தான் இரண்டையும் இன்று அழைக்கிறோம்.

1838க்கு முன்பு இந்தப் பொருள்களை எப்படி அழைத்தார்கள்?

'ஆல்புமின் வகைப் பொருள்கள்' என்று. லத்தீனில் 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை, 'ஆல்புமென்' என்றால் முட்டையின் வெண்கரு. சூடாக்கினால் வெண்கருவைப் போல உறையும் எதையும் அதன் பெயரால் அழைத்தார்கள். இத்தாலியின் பொலோனியாவில் யாக்கோபோ பார்த்தலோமியோ பெக்காரி கோதுமை மாவைத் தண்ணீரில் பிசைந்து, மாப்பொருளைக் கழுவி நீக்கி, எஞ்சிய பசையான குளுட்டனை ஆராய்ந்தார். தாவரத்திலிருந்து வந்த அந்தப் பொருள் விலங்குப் பொருளைப் போல அழுகி நாறியது. 1745இல் அச்சேறிய அந்த ஆய்வில்தான் தாவரத்துக்கும் விலங்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று தென்படத் தொடங்கியது. ஆனால் பொதுப்பெயர் என்று ஒன்று இல்லை. முட்டையின் பெயரே எல்லாவற்றுக்கும் கடன் கொடுக்கப்பட்டுவந்தது.

ஆல்புமென், ஆல்புமின் இரண்டும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு: 'மென்' என்று முடிந்தால் வெண்கரு, 'மின்' என்று முடிந்தால் அதிலும் இரத்தத்திலும் உள்ள குறிப்பிட்ட புரத வகை.

ஜெர்மன் பொட்டலங்களில் 'ஐவைஸ்' என்று இருக்கிறது. முட்டை சேர்த்திருக்கிறார்கள் என்று பொருளா?

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வாழும் தமிழ்ச் சைவ உணவுக்காரர்களைத் திடுக்கிட வைக்கும் சொல் இது. 'ஐ' என்றால் முட்டை, 'வைஸ்' என்றால் வெள்ளை. வெண்கரு, புரதம் ஆகிய இரண்டுக்குமே அந்த மொழியில் ஒரே சொல். ஊட்டச்சத்து அட்டவணையில் ஐவைஸ் 7 கிராம் என்று இருந்தால் அதற்குப் புரதம் 7 கிராம் என்று மட்டுமே பொருள். 'மில்ஷ்-ஐவைஸ்' என்றால் பால் புரதம், 'சோயா-ஐவைஸ்' என்றால் சோயா புரதம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பாலின் முட்டைவெள்ளை' என்றாகிறது. ஜெர்மானியர் யாரும் அதைக் கேட்டுச் சிரிப்பதில்லை.

கவனிக்க வேண்டிய இடம் சேர்பொருள் பட்டியல். அங்கே 'ஹ்யூனர்-ஐவைஸ்' என்று இருந்தால் அது கோழிமுட்டையின் வெண்கருவேதான். ஒவ்வாமை தரும் பொருள்களை எழுத்து தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஆகவே முட்டை இருந்தால் அது பெரும்பாலும் தடித்த எழுத்திலேயே இருக்கும். ஆஸ்திரியர்கள் வெண்கருவுக்கு 'ஐக்லார்' என்று தனிச் சொல் வைத்துக்கொண்டு இந்தத் தொல்லையைப் பாதி தீர்த்துவிட்டார்கள்.

வேறு எந்தெந்த மொழிகள் 'வெள்ளை' கட்சியில் இருக்கின்றன?

நினைப்பதைவிட அதிகம். டச்சு மொழியில் 'எய்வித்', அதாவது முட்டைவெள்ளை. முல்டரின் தாய்மொழி டச்சு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவர் அச்சில் ஏற்றிய சொல்லை உலகம் எடுத்துக்கொண்டது, அவர் நாட்டு மளிகைக் கடை இன்னும் எய்வித் என்றே எழுதுகிறது.

ஸ்லாவிய மொழிகள் அனேகமாக எல்லாமே இந்தப் பக்கம்தான். ரஷ்ய மொழியில் 'பெலோக்', உக்ரைனியத்தில் 'பிலோக்', போலிஷ் மொழியில் 'பியாவ்கோ', பல்கேரியத்தில் 'பெல்தக்'. எல்லாவற்றுக்கும் வேர் வெள்ளை என்ற சொல். இவற்றில் பெலோக்கும் பியாவ்கோவும் கண்ணின் வெண்விழியையும் குறிக்கும். ஒரே சொல்லுக்குச் சமையலறை, மருத்துவமனை, ஆய்வகம் என்று மூன்று வேலை. செக் மொழிக்காரர்கள் கொஞ்சம் கறாரானவர்கள். வெண்கரு 'பீலெக்' என்றும் புரதம் 'பீல்கோவினா' என்றும் விகுதி சேர்த்துப் பிரித்துவிட்டார்கள். ஸ்லோவாக்கியர்களின் 'பியெல்கோவினா', ஸ்லோவீனியர்களின் 'பெல்யாகோவினா', குரோவேஷியர்களின் 'பியெலான்செவினா' எல்லாம் இதே உத்தி. என் பார்வையில் இதுதான் சிறந்த ஏற்பாடு: வேர் வீட்டுச் சொல்லாக இருக்கிறது, குழப்பமும் இல்லை.

பால்டிக் பக்கம் போனால் லிதுவேனியத்தில் 'பால்தீமாஸ்'. 'பால்தாஸ்' என்றால் வெள்ளை. லாட்வியத்தில் 'ஓல்பால்டும்வியெலா'. வாய் நிறைய இருக்கும் இந்தச் சொல்லைப் பிரித்தால் முட்டை, வெண்மை, பொருள் என்று மூன்று துண்டுகள் கிடைக்கும்.

ஹங்கேரியம், ஃபின்னிஷ், எஸ்டோனியம் ஆகியவை முற்றிலும் வேறு மொழிக்குடும்பம். அவற்றில்?

அங்கேயும் வெள்ளைதான், சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது. ஹங்கேரியத்தில் 'ஃபெஹேர்' என்றால் வெள்ளை, 'ஃபெஹேர்யே' என்றால் அதன் வெள்ளை, அதாவது வெண்கரு. புரதத்துக்கும் அதே சொல். எஸ்டோனியத்தில் 'வல்கே' வெள்ளை, 'வல்க்' புரதம். ஃபின்னிஷ் மொழியில் வெண்கருவிலிருந்து செய்த நீண்ட சொல் ஒன்று வழக்கில் இருந்தது. இப்போது 'புரோத்தெயீனி' அதை ஓரங்கட்டிவிட்டது.

ஜெர்மனுக்கும் ஹங்கேரியத்துக்கும் இரத்த உறவு இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வேதியியல் படிக்க விரும்பிய ஹங்கேரியரும் செக்கரும் ரஷ்யரும் ஜெர்மன் நூல்களைப் படித்தார்கள், பலர் ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்கே போனார்கள். ஜெர்மனியின் கீசன் நகரில் இருந்த லீபிக்கின் ஆய்வகத்துக்குப் பல நாட்டு மாணவர்கள் வந்து குவிந்தார்கள். அதே காலத்தில்தான் இந்த நாடுகளில் தாய்மொழி இயக்கங்களும் வேகமாக இருந்தன. அந்நியச் சொல்லை அப்படியே எடுப்பது இழுக்கு. ஐவைஸ் என்பதைத் தம் மொழியில் செய்துகொண்டால் சொந்தச் சொல்லாகிவிடும். இப்படி, வெள்ளைக் கட்சியின் வரைபடம் மொழிக்குடும்பத்தைக் காட்டுவதைவிட, யார் யாரிடம் பாடம் படித்தார்கள் என்பதையே காட்டுகிறது. சீனமும் ஜப்பானியமும்கூட 'முட்டை வெண்மைப் பொருள்' என்ற அமைப்பிலேயே புரதத்தை எழுதுகின்றன.

பெயர் எதுவாக இருந்தால் என்ன? பொருள் மாறிவிடுமா?

வேதியியலில் மாறாது. மொழிபெயர்ப்பில் மாறியிருக்கிறது. உயிர் என்பது புரதங்கள் இருக்கும் முறையே என்ற கருத்தை, கார்ல் மார்க்ஸின் தோழரான ஜெர்மன் சிந்தனையாளர் ஃபிரெடரிக் எங்கெல்ஸ் 1870களில் எழுதினார். அவர் பயன்படுத்திய சொல் 'ஐவைஸ்கெர்பர்', அதாவது ஐவைஸ் வகைப் பொருள்கள். ரஷ்ய மொழியில் அது பெலோக்கின் உரிச்சொல்லாகப் பிசிறின்றிப் பொருந்தியது. சோவியத் மாணவர்கள் பல தலைமுறைகளாக அதை மனப்பாடம் செய்தார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பிலோ 'ஆல்புமின் தன்மையுள்ள பொருள்கள்' என்று இருந்தது. ஒரு வாசகருக்குத் தற்கால உயிர்வேதியியல் போலவும் இன்னொருவருக்கு முட்டைக் கூழைப் பற்றிய பழங்கதை போலவும் அதே வாக்கியம் தோன்றியதில் வியப்பென்ன?

ரஷ்யர்கள் 'புரோட்டீன்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதே இல்லையா?

பயன்படுத்துகிறார்கள், வேறு பொருளில். பேச்சு வழக்கில் அது உடற்பயிற்சிக் கூடத்தில் குடிக்கும் மாவு. பழைய பாடநூல்களிலோ, அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட எளிய புரதம் 'புரோட்டீன்', வேறு பொருளும் ஒட்டியிருக்கும் கூட்டுப் புரதம் 'புரோட்டெயிட்', இரண்டும் சேர்ந்தது பெலோக்.

'புரோட்டெயிட்' ஆங்கிலத்திலும் இருந்ததா?

இருந்தது, தொல்லையும் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில உடலியல் நூல்கள் புரதங்களைப் 'புரோட்டீட்' (அதே சொல்லின் ஆங்கில ஒலி) என்றே அழைத்தன. ஜெர்மனியில் அதே சொல்லுக்குக் கூட்டுப் புரதம் என்று பொருள். ஒரே சொல், இரண்டு நாடு, இரண்டு பொருள். 1907இல் பிரிட்டிஷ் குழு ஒன்றும், 1908இல் அமெரிக்கக் குழு ஒன்றும் கூடிப் பேசிப் 'புரோட்டீட்' என்பதைக் கைவிடச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் புரோட்டீன் உறுதியாக வென்றது அப்போதுதான். கடிதத்தில் பிறந்து எழுபது ஆண்டுகள் கழித்து.

உச்சரிப்பும் மாறியிருக்கிறது. தொடக்கத்தில் 'புரோ-ட்டி-இன்' என்று மூன்று அசை. பேச்சில் சுருங்கி இரண்டாயிற்று. ஜெர்மன் இன்றும் 'புரோ-தெ-ஈன்' என்று பிரித்தே சொல்கிறது. டச்சுக்காரர்கள் அசை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைக்கிறார்கள்.

பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம்?

இவை முழுக்கப் புரோட்டீன் கட்சி; மூன்றிலும் சொல் பெண்பால். இந்த மொழிகளிலும் முட்டையின் வெண்கருவுக்கு வெள்ளை அல்லது தெளிவு என்ற பொருளில் சொற்கள் உண்டு, ஆனால் அவை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. பிரெஞ்சில் 'புரோத்தீட்' என்ற பொதுச்சொல்லும் உண்டு. 1920களில் பிரெஞ்சு வேதியியலாளர் காப்ரியேல் பெர்த்ரான் முன்வைத்த குளூசீட் (மாவுச்சத்தும் சர்க்கரையும்), லிப்பீட் (கொழுப்பு), புரோத்தீட் (புரத வகை) என்ற மூன்று பிரிவுகளில் ஒன்று அது. ஆங்கிலேயர்கள் விட்டெறிந்த 'புரோட்டீட்' வேறு, இது வேறு.

வேர்ச்சொல்லைத் தந்த கிரேக்கர்கள் என்ன சொல்கிறார்கள்?

இன்று 'புரோத்தெயினி'. பழைய வழக்கில் 'லெஃப்கோமா'. இதுவும் வெள்ளை என்ற வேரிலிருந்து வந்ததுதான். சிறுநீரில் புரதம் போகிறது என்பதைக் குறிக்க இந்தப் பழைய சொல் மருத்துவத்தில் இன்னும் வருகிறது. இதே லெஃப்கோமாவுக்கு இன்னொரு பொருள் புகைப்பட ஆல்பம்! லத்தீனிலும் ஆல்பம் என்றால் அறிவிப்பு எழுத வெள்ளையடித்த பலகை. ஆல்பமும் ஆல்புமினும் ஒரே வேர் என்பதால், கிரேக்கச் சொல் இரண்டையும் மடியில் வைத்திருப்பது தற்செயல் அல்ல.

தமிழில் 'புரதம்' எந்தக் கட்சி?

புரோட்டீன் கட்சி. தமிழ்ச் சொல் 'ப்ர' என்று தொடங்காது என்பதால் உகரம் ஏறி 'புர' ஆனது. 'இன்' விகுதி போய் 'அம்' வந்தது. ஒலியைப் பிடித்துக்கொண்டு உருவத்தை மாற்றிய சொல். வெண்கரு என்ற நல்ல சொல் கையில் இருந்தும் தமிழ் அதைப் புரதத்துக்கு நீட்டவில்லை. அண்டை மொழிகள் மூன்றாவது வழியில் போயின. மலையாளத்தின் 'மாம்ஸ்யம்', தெலுங்கின் 'மாம்சக்ருத்துலு' இரண்டும் தசையை வைத்துச் செய்தவை. கன்னடத்தின் 'சசாரஜனக' என்பதற்கு நைட்ரஜன் உள்ளது என்று பொருள். மூவரில் வேதியியல் தெரிந்தவர் கன்னடக்காரரே.

புரோட்டீனிலிருந்து பிறந்த புதிய சொற்கள் எவை?

ஓர் உயிரணுவில் உள்ள புரதங்களின் முழுத் தொகுதியைக் குறிக்கும் 'புரோட்டியோம்' என்ற சொல்லை 1994இல் ஆய்வாளர் மார்க் வில்கின்ஸ் முன்வைத்தார். நோய் பரப்பும் புரதத்துகளுக்கு அமெரிக்க ஆய்வாளர் ஸ்டான்லி புரூசினர் 1982இல் வைத்த 'பிரையான்' என்ற பெயரில் 'பிர' மட்டுமே புரோட்டீனின் மிச்சம். அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலியைக் குறிக்கும் 'பெப்டைட்' என்ற சொல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் அதைச் செரிமானத்தைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்த 'பெப்டோன்' (புரதம் செரிக்கும்போது கிடைக்கும் பொருள்) என்ற சொல்லைக் கொண்டு அமைத்தார். வெள்ளைக் கட்சி மொழிகளிலும் இந்தப் புதிய சொற்கள் கிரேக்க உருவிலேயே நுழைந்திருக்கின்றன: ஜெர்மன் ஆய்வாளர் மதிய உணவில் ஐவைஸ் சாப்பிடுகிறார், ஆய்வகத்தில் புரோட்டியோமை அளக்கிறார்.